நரம்பை அடைச்சிட்டா ரத்தம் எங்க போகும்?

ஜூன் 2: இழையைத் தொடங்கிய கேள்வி
"அம்மாவுக்கு இடது கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்குது. லேசர் வச்சு அந்த நரம்பை உள்ளேயே சுட்டு அடைச்சிடலாம்னு சொல்றாங்க. அடைச்சிட்டா கால்ல இருக்கிற ரத்தம் எப்படி மேல போகும்? பாதையை மூடினா எல்லாம் அங்கேயே தேங்காதா? அங்கே நிக்கிறது கெட்ட ரத்தம்தானே, அதைக் குத்தி எடுத்துட்டா போதாதா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க."

ஜூன் 2, இரவு 9:40
அனுபவப்பட்டவன்தான். வலது காலுக்கு லேசர் முடிந்து மூன்று வருஷம் ஆகிறது. இடது கால் வரிசையில் நிற்கிறது.

முதலில் குத்துகிற யோசனையை விடுங்கள். எதைக் கொண்டும் குத்த வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், அதற்கு ஒரு கதை இருக்கிறது.

ரத்தம் எங்கே போகும் என்ற கேள்விக்குப் பதில் இது. காலில் ரத்தம் மேலேற இரண்டு அடுக்கு வழி உண்டு. தோலுக்குக் கீழே ஓடுவது ஒன்று. தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுவது இன்னொன்று. பத்தில் ஒன்பது பங்கு ஆழத்து வழியாகத்தான் போகிறது. சுருண்டு புடைப்பது மேலடுக்கு. அதில் இருக்கிற வால்வுகள் மூடாமல் போய்விட்டதால் ஏறிய ரத்தம் திரும்பக் கீழே விழுகிறது. ஓட்டைச் சாலில் நீர் இறைப்பது போல: இறைத்ததில் ஒரு பங்கு மறுபடி கிணற்றுக்கே. அடைப்பது அந்த ஓட்டையைத்தான். அடைத்தால் ஆழத்து வழிக்குச் சுமை குறையுமே தவிரக் கூடாது.

கெட்ட ரத்தம் என்று ஒன்று அங்கே இல்லை. இதயத்துக்குத் திரும்புகிற ரத்தத்தில், உடம்பு ஓய்வாக இருக்கும்போது, ஆக்சிஜன் நான்கில் மூன்று பங்கு இன்னும் மிச்சமிருக்கும். கெட்டது வால்வு.

ஜூன் 2, இரவு 10:15
படுக்கப் போனவன் திரும்பி வந்தேன். மேலே கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். உங்கள் கேள்வி சரியாகிற ஒரு நிலைமை உண்டு. ஆழத்து வழி எப்போதோ ரத்தம் உறைந்து அடைபட்டிருந்தால், மேலே புடைத்திருப்பதுதான் மாற்றுப்பாதையாக வேலை செய்துகொண்டிருக்கும். அதை மூடுவது தப்பாகிவிடலாம். அதனால்தான் ரத்தம் ஓடுவதைக் காட்டுகிற டாப்ளர் ஸ்கேன் எடுக்காமல் எந்த நல்ல மருத்துவரும் லேசர் பேச்சையே எடுக்க மாட்டார். ஆழத்தில் இருப்பது திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும்.

ஜூன் 4, மாலை
விடுமுறை. கதையைச் சொல்கிறேன். இது என் காலைப் பற்றியது, அதைவிட அதிகமாக ஒரு சொல்லைப் பற்றியது.

கணக்கு வாத்தியார் நான். 22 வருஷம் பலகைக்கு முன்னால் நின்றிருக்கிறேன். முப்பத்தைந்து வயதில் மாலையானால் கால் கனக்க ஆரம்பித்தது, ஈய உருண்டை கட்டிவிட்டது போல. இரவில் ஆடுசதை இழுத்துப் பிடிக்கும். கணுக்காலுக்கு மேலே அரிப்பு. வீட்டில் கேட்டால் "நரம்புத் தளர்ச்சி". சக ஆசிரியர்களைக் கேட்டால் "நரம்பு சுருட்டல்". நானும் ஒழுங்காக யோசித்து, நரம்பு என்றால் நரம்பியல் மருத்துவர் என்று முடிவு கட்டினேன். பேன்ட் போட்டுக்கொண்டே போனேன், உட்கார்ந்தே பேசினேன். "நரம்புல பிரச்சினை, கால் மரத்துப் போற மாதிரி கனக்குது." அவரும் நரம்பைத்தான் சோதித்தார். முட்டியில் சுத்தியால் தட்டினார், அதிர்கவை வைத்துப் பார்த்தார், மின்சாரம் விட்டு ஒரு சோதனை. எல்லாம் சரியாக இருந்தது. பி12 மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையே மாற்றி மாற்றி நான்கு வருஷம் விழுங்கினேன்.

அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். நான் சொன்ன சொல்லுக்குத்தான் அவர் வைத்தியம் பார்த்தார். நின்றபடி காலைக் காட்டியிருந்தால் ஒரே பார்வையில் சொல்லியிருப்பார்.

நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகிற கம்பி. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்புகிற குழாய்க்குப் பாடப்புத்தகப் பேர் சிரை. ஆனால் நம் வாயில் இரண்டும் நரம்புதான். "ஊசி போட நரம்பு கிடைக்கலை", "கோபத்துல கழுத்து நரம்பு புடைக்குது" என்று நாம் சொல்கிற அத்தனையும் சிரை. இந்த மயக்கத்துக்கு நான் கொடுத்த விலை நான்கு வருஷம். அதற்குள் கணுக்கால் தோல் பழுப்பாகிவிட்டது. அந்தக் கறை இன்றுவரை போகவில்லை. தேங்கிய இடத்தில் சிவப்பணுக்கள் கசிந்து, அவற்றின் இரும்பு தோலில் படிகிற நிறம் அது.

ஜூன் 5, காலை
ஒருவர் நன்றாகவே திட்டியிருக்கிறார். "மக்களுக்குத் தமிழ் தெரியலைன்னு சொல்றீங்களா? இலையில் ஓடுறது என்ன, அதுவும் மூளையிலிருந்து வருதா?"

சரியான அடி. இலை நரம்பு. வலைப்பின்னல் நரம்பமைவு, இணைப்போக்கு நரம்பமைவு என்று பாடநூலே அச்சடித்திருக்கிறது. அதில் ஓடுவது நீரும் சத்தும். யாழில் கட்டியதும் நரம்பு. இன்னொருவர் அதற்கும் மேலே போய்ப் புறநானூற்றின் 278ஆம் பாட்டை எடுத்துப் போட்டார்: "நரம்பெழுந்து உலறிய நிரம்பா மென்தோள்". வற்றிய தோளில் நரம்பு எழுந்து தெரிகிற முதியவள். அங்கே எழுந்து நிற்பது சிரை இல்லாமல் வேறென்ன.

ஆக, கயிறு போல நீண்டு தெரிகிறதெல்லாம் நரம்பு. மக்கள் பழைய பொருளை விடாமல் வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடுங்கி மூளைக்கம்பிக்கு மட்டும் உரியது என்று பின்னால் எழுதிக் கொடுத்தது அறிவியல் தமிழ். நேற்று எழுதியதில் "மயக்கம்" என்று சொன்னதை எடுத்துவிடுகிறேன். விலை கொடுத்தது மட்டும் உண்மை.

ஜூன் 5, காலை, பின்குறிப்பு
ஈழத்துப் பாடநூல்களில், இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுபோகிற தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம். எனக்கு அது பிடித்திருக்கிறது, நாடி பிடித்துப் பார்ப்பதும் தமனியில்தானே. ஆனால் இங்கே நாளமில்லாச் சுரப்பி படித்து வளர்ந்தவனிடம் நாளம் என்றால் சுரப்பி ஞாபகம்தான் வரும். நான் சிரை என்றே எழுதப் போகிறேன். யாருக்காவது குறை இருந்தால் நரம்பு என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 5, இரவு
சொல்லால் தடுமாறியது நாம் மட்டும்தானா என்று தேடப் போய்ப் பாதி ராத்திரி ஆகிவிட்டது.

தொடையின் ஆழத்தில் ஓடுகிற முக்கியச் சிரைக்கு மருத்துவ உலகம் வெகுகாலம் வைத்திருந்த பெயரின் பொருள் "மேலோட்டமான தொடைச் சிரை". பெயர்தான் மேலோட்டம், இடம் ஆழம். ஆழத்தில் ரத்தம் உறைந்தால் கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் ஆளைக் கொல்லலாம், உடனே உறைவுத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். மேலடுக்கில் உறைந்தால் பெரும்பாலும் அந்த அளவு அவசரம் இல்லை. ஸ்கேன் அறிக்கையில் "மேலோட்டமான தொடைச் சிரையில் உறைவு" என்று படித்த மருத்துவர்களில் பலர், மேலோட்டம்தானே என்று மருந்தே தேவையில்லை என்றிருப்பார்கள். இதைக் கேள்வி அனுப்பிச் சோதித்து, "உயிரைப் பறிக்கக்கூடிய தவறான பெயர்" என்று 1995இல் ஒரு கட்டுரையே வந்தது. வல்லுநர்கள் கூடிப் பேசி 2002இல் வெளியிட்ட பெயர்ப் பட்டியலில் அந்த அடைமொழியைக் கழற்றிவிட்டார்கள். வெறும் தொடைச் சிரை.

இன்னொன்று. நமக்கெல்லாம் புடைக்கிறதே, கணுக்காலிலிருந்து கவட்டை வரை உள்பக்கமாக ஏறுகிற நீளமான சிரை, அதன் பெயர் சஃபீனஸ். பெயர் எங்கிருந்து வந்தது என்று இரண்டு கட்சி. கிரேக்கத்தில் "தெளிவாகத் தெரிவது" என்கிறது ஒன்று. அரபியில் "மறைந்திருப்பது" என்கிறது மற்றது. ஒரே குழாய்க்கு!

தமனிக்கு ஐரோப்பியர் சொல்கிற ஆர்ட்டரி என்ற சொல்லுக்குள்ளும் காற்றுதான் இருக்கிறது. பிணத்தை அறுத்தபோது தமனிகள் காலியாகக் கிடந்தன, காற்று போகிற குழாய் என்று நினைத்தார்கள். நம்முடைய நரம்பு இவற்றைவிட எவ்வளவோ மேல்.

ஜூன் 8
"நின்னா ஏன் சார் வருது, உட்கார்ந்தா ஏன் குறையுது?" என்று தனியே கேட்டிருந்தார் ஒருவர். கணக்காகவே போடுவோம்.

இதயத்திலிருந்து கணுக்கால் வரை 120 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அசையாமல் நின்றால் அத்தனை உயர ரத்தத்தூணின் எடையும் கணுக்கால் சிரைமேல். 1.2 × 1000 × 9.8 = 11,760 பாஸ்கல். பாதரசக் கணக்கில் 88 மி.மீ. சொச்சம். மெல்லிய சுவர் கொண்ட குழாய்க்கு இது பெரிய சுமை.

ஆனால் நடந்தால் இது 30க்கும் கீழே இறங்கிவிடும். ஆடுசதை இறுகும்போது ஆழத்துச் சிரையைப் பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. தளரும்போது வால்வு மூடிக்கொள்வதால் ரத்தம் திரும்பி விழுவதில்லை. இரண்டாவது இதயம் என்று ஆடுசதையைச் சொல்வது இதற்காகத்தான். நல்ல காலில் பிழிந்து காலியான சிரை மறுபடி நிரம்ப 20 நொடிக்கு மேல் ஆகும், ஏனென்றால் தந்துகிகள் என்ற மயிரிழைக் குழாய்கள் வழியாகச் சொட்டிச் சொட்டித்தான் வர வேண்டும். வால்வு போன காலில் மேலேயிருந்தே கொட்டிவிடும், சில நொடிதான். அப்புறம் நடந்தாலும் அழுத்தம் இறங்காது.

ஆகவே நிற்பது குற்றமில்லை, அசையாமல் நிற்பதுதான். இப்போதெல்லாம் பாடம் நடத்தும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறேன். பின் வரிசைப் பையன்கள் அதைப் பார்த்து என்னை மாதிரியே செய்து காட்டுகிறார்கள். செய்யட்டும், அவர்கள் ஆடுசதைக்கும் நல்லது.

பெண்களுக்கு இது அதிகம் வருவதற்குப் பிள்ளைப்பேறு ஒரு காரணம்.

ஜூன் 9
நேற்றைய பதிவில் இரண்டு தப்பு.

ஒன்று, ரத்தத்தைத் தண்ணீராக்கிவிட்டேன். அடர்த்தி 1060 என்று ஒரு மாணவி, ஆம், என் பழைய மாணவி, திருத்தியிருக்கிறாள். அப்படிப் போட்டால் 12,466 பாஸ்கல், 93 மி.மீ.க்கு மேல். மதிப்பெண் குறைத்துக்கொள்கிறேன்.

இரண்டு, பெண்களுக்கு அதிகம் என்று அடித்துச் சொன்னது. மருத்துவரிடம் வருகிறவர்களில் பெண்கள் அதிகம், அது உண்மை. ஆனால் எடின்பரோவில் 18 முதல் 64 வயது வரை 1,566 பேரை நோய் இருக்கிறதோ இல்லையோ பொதுவாக அழைத்துக் காலைப் பரிசோதித்தபோது, பெரிய சிரைகளின் சுருட்டல் ஆண்களில் 40 சதவீதம், பெண்களில் 32 சதவீதம் இருந்தது. வேறு ஊர் ஆய்வுகளில் வேறு மாதிரியும் வந்திருக்கிறது. ஆண்கள் பேன்டுக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறோம் என்பது என் ஊகம். நானே சாட்சி. பிள்ளைப்பேறு காரணம் என்பதில் மாற்றமில்லை.

உயரமும் ஒரு காரணம். பிரிட்டனில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேரின் தரவை வைத்துப் பார்த்த 2018 ஆய்வில், உயரம் கூடினால் சுருட்டல் வாய்ப்பும் கூடுகிறது, அதுவும் மரபணு வழியாகப் பார்த்தாலும் உயரமே காரணமாக நிற்கிறது என்று வந்தது. ஆறடி இரண்டங்குலம் நான். தூணும் நீளம்தான்.

ஜூன் 13, அதிகாலை
தூக்கம் வரவில்லை. குத்த வேண்டாம் என்று சொன்னேனே, அந்தக் கதை.

லேசருக்கு முந்தைய வருஷம். வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தேன். கணுக்காலுக்கு மேலே ஒரு சின்ன நீலக் கொப்புளம் நெடுநாளாக இருந்தது, மிளகு அளவு. அதில் நகம் பட்டது. வலி இல்லை. கீழே பார்த்தால் தரை முழுக்கச் சிவப்பு. சொட்டவில்லை, பீய்ச்சியது. எழுந்து நின்று கத்தினேன். நின்றதால் இன்னும் வேகமாக வந்தது. ஓடி வந்த தம்பி கையில் கிடைத்த துண்டால் முட்டிக்குக் கீழே இறுக்கிக் கட்டினான். பாம்புக்கடிக்குக் கட்டுகிற கட்டு, சினிமாவில் பார்த்தது. அதுவே தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. கட்டிய பிறகு முன்னைவிட அதிகமாக வந்தது. நாற்காலியில் உட்கார வைத்தார்கள், கால் தொங்குகிறது, ரத்தம் வருகிறது, கண் இருட்டுகிறது. பக்கத்து வீட்டில் செவிலியர் ஒருவர் இருந்தார், அது என் நல்ல நேரம். வந்ததும் முதலில் துண்டை அவிழ்த்தார். தரையில் படுக்க வைத்தார். காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்தார். கொப்புளத்தின்மேல் துணியை மடித்து ஒரு விரலால் அழுத்தினார். நின்றுவிட்டது, அவ்வளவுதான். ஒரு விரல்!

இப்படிப் பீய்ச்சி, தனியாக இருந்து, நின்றபடியே இருந்து இறந்துபோனவர்கள் உண்டு. படு, காலைத் தூக்கு, நேராக அழுத்து. வீட்டில் இந்த நோய் உள்ளவர்கள் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். காலைச் சுற்றி இறுக்கிக் கட்ட மட்டும் செய்யாதீர்கள்.

ஏன் கட்டியதும் அதிகமானது? இந்தக் கேள்விக்கு ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி 1628லேயே பதில் எழுதிவிட்டார். கையில் மிக இறுக்கமாகக் கட்டினால் தமனியும் அடைபட்டுக் கை வெளுத்துக் குளிர்ந்துவிடும். கொஞ்சம் தளர்த்தினால் கை சிவந்து வீங்கி, சிரைகள் கயிறு கயிறாகப் புடைக்கும். ஏனென்றால் ஆழத்துத் தமனி வழியாக ரத்தம் வந்துகொண்டே இருக்கிறது, மேலடுக்குச் சிரை வழியாகத் திரும்ப முடியவில்லை. தமனியில் போய்ச் சிரையில் திரும்புகிறது, ரத்தம் சுற்றுகிறது என்பதற்கு அவர் காட்டிய சான்றுகளில் இது ஒன்று. தம்பி கட்டியது அந்த இரண்டாவது கட்டு. ஹார்வியின் பரிசோதனையை என் காலில் செய்து காட்டியிருக்கிறான்.

ஜூன் 13, மதியம்
காலையில் உணர்ச்சிவசப்பட்டு எழுதியதில் விட்டுப்போனது: ஹார்வியின் கணக்கு எனக்கு அதைவிடப் பிடிக்கும். இன்றைய எண்களைப் போட்டுப் பாருங்கள். ஒரு துடிப்புக்கு 70 மி.லி., நிமிஷத்துக்கு 70 துடிப்பு. 4.9 லிட்டர். ஒரு நாளைக்கு 7,056 லிட்டர். சாப்பாட்டிலிருந்து கல்லீரல் புதுசு புதுசாக ரத்தம் செய்கிறது, அது உறுப்புகளில் செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்று பழைய ரோம மருத்துவர் கேலன் காலத்திலிருந்து நம்பிக்கொண்டிருந்தார்கள். ஏழாயிரம் லிட்டரை எந்தக் கல்லீரல் செய்யும்? ஹார்வி எடுத்துக்கொண்ட அளவு இதைவிட மிகக் குறைவு, அதை வைத்தே கேலனை மடக்கிவிட்டார். பெருக்கல் வாய்ப்பாடு தெரிந்தால் போதும். வகுப்பில் இதைச் சொல்லும்போது மட்டும் பின் வரிசையும் கேட்கும்.

அவருடைய ஆசிரியர் கதைதான் பாவம். இத்தாலியில் படுவா நகரத்து ஃபாப்ரிசியஸ். சிரைக்குள் வால்வு இருப்பதை அழகழகாக வரைந்து 1603இல் புத்தகமே போட்டார். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று கண்ணால் பார்த்தவர். ஆனால் ரத்தம் சிரை வழியாக வெளியே போகிறது என்ற பழைய பாடம் மண்டையில் இருந்ததால், கைகால்களுக்கு ஒரேயடியாகப் பாய்ந்துவிடாமல் வேகத்தைக் குறைக்க வைத்த தடுப்பு என்று எழுதிவிட்டார். மதகைப் பார்த்து வேகத்தடை என்றவர். நான் நரம்பு என்று நான்கு வருஷம் பி12 சாப்பிட்டதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தமனியும் சிரையும் எங்கே சேர்கின்றன என்பதை ஹார்வி கடைசிவரை பார்க்கவில்லை. 1657இல் காலமானார். 1661இல் மால்பிகி தவளை நுரையீரலில் நுண்ணோக்கியால் தந்துகிகளைப் பார்த்தார். நான்கே வருஷம்.

ஜூன் 14
நீலமாகத் தெரிகிறதே, உள்ளே ரத்தம் நீலமா என்று கேட்டவருக்கு: இல்லை, கருஞ்சிவப்பு. தோலும் ஒளியும் கண்ணும் சேர்ந்து செய்கிற வேலை. சிரை இருக்கிற இடத்திலிருந்து சிவப்பொளி சுற்றுத் தோலைவிடக் குறைவாகத் திரும்புகிறது, கண் பக்கத்தோடு ஒப்பிட்டு நீலம் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

ஜூன் 17
"கழுத்து நரம்பை விரிச்சா நரம்பு நோயே குணமாகும்னு ஒரு இத்தாலி டாக்டர் சொன்னாரே" என்று ஒருவர். முதல் நரம்பு சிரை, இரண்டாவது நரம்பு நரம்பு. தமிழில் இந்த ஒரு வாக்கியத்தைச் சுத்தமாகச் சொல்ல முடியாதது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

அவர் சொல்வது பாவ்லோ சம்போனி, ஃபெராரா பல்கலைக்கழகம். மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், அதாவது மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அரிக்கிற நோய். மூளையிலிருந்து இறங்குகிற கழுத்துச் சிரைகள் குறுகியிருப்பதுதான் காரணமோ என்று அவருக்குத் தோன்றியது. 2009இல் கட்டுரை வந்தது. பலூன் விட்டு விரித்தால் போதும் என்றதும் நோயாளிகள் நாடு விட்டு நாடு போய்ச் செய்துகொண்டார்கள். வேறு குழுக்கள் தேடியபோது அந்தக் குறுகல் நோயில்லாதவர்களிடமும் இருந்தது.

அப்புறம் சம்போனியே தலைமை ஏற்று ஒழுங்கான சோதனை நடத்தினார். 130 நோயாளிகள், சிலருக்கு உண்மையான பலூன், சிலருக்குப் பாவனை, யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. பலனில்லை, இதைப் பரிந்துரைக்க முடியாது என்று முடிவு வந்தது. தன் பெயரிலேயே அதை வெளியிட்டார். முதல் கட்டுரைக்காக அவர்மேல் எனக்குக் கோபம் உண்டு. கடைசிக் கட்டுரைக்காக மரியாதை உண்டு.

ஜூன் 21
எனக்கு லேசர் செய்ததில் நடந்த ஒன்றை இதுவரை சொல்லவில்லை. சொல்லாமல் விட்டால் விளம்பரம் ஆகிவிடும்.

முட்டிக்குப் பக்கத்தில் ஊசித்துளை, அதன் வழியே மெல்லிய இழை, கவட்டை வரை. சிரையைச் சுற்றி மரப்பு மருந்து கலந்த உப்புநீரை நிறைய ஏற்றுவார்கள், அந்த ஊசிகள்தான் உறுத்தும். பிறகு சூடேற்றிக்கொண்டே இழையை வெளியே இழுப்பார்கள். முக்கால் மணி நேரம். நடந்தே வீட்டுக்கு வந்தேன். ஆனால் எனக்கு முட்டிக்குக் கீழேயும் கொஞ்ச தூரம் சுட்டார்கள். அடுத்த நாள் ஆடுசதையின் உள்பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மரத்துப்போயிருந்தது. தொட்டால் வேறு யாரோ காலைத் தொடுகிற மாதிரி. முட்டிக்குக் கீழே அந்தச் சிரையோடு ஒட்டிக்கொண்டே ஓர் உணர்வு நரம்பு ஓடுகிறது, அதன் பெயரும் சஃபீனஸ். சூடு அதன்மேலும் பட்டுவிட்டது. இந்த முறை உண்மையிலேயே நரம்பு! ஒரு வருஷத்தில் பெரும்பகுதி சரியாகிவிட்டது, ஒரு ரூபாய் நாணயம் அளவு இன்னும் மிச்சம். முன்கூட்டியே எச்சரித்தார்களா என்றால், கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது. நான் படிக்கவில்லை. முட்டிக்குக் கீழே எவ்வளவு தூரம், ஏன் என்று அம்மாவின் மருத்துவரைக் கேளுங்கள்.

நரம்பும் குழாயும் இப்படிச் சேர்ந்தே ஓடுவது தற்செயல் இல்லை என்பது தனிக் கதை. தமனி தமனியாவதும் சிரை சிரையாவதும் ரத்தம் பாய்கிற வேகத்தால் என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். 1998இல் கலிஃபோர்னியாவில் டேவிட் ஆண்டர்சன் ஆய்வகம் எலிக்கருவில் பார்த்தபோது, சுற்றோட்டம் தொடங்கும் முன்பே தமனிச் செல்லில் எஃப்ரின்-பி2 என்ற அடையாளமும் சிரைச் செல்லில் அதைப் பிடிக்கிற எஃப்-பி4 என்ற ஏற்பியும் தனித்தனியாக இருந்தன. அவர் ரத்தக்குழாய் ஆள் இல்லை, நரம்பு வளர்ச்சியை ஆராய்பவர். அதே ஆய்வகம் 2002இல் எலிக்கருவின் தோலில் உணர்வு நரம்புகள் போகிற வழியை ஒட்டித்தான் தமனிகள் அமைகின்றன என்று காட்டியது. நரம்பு இல்லாத கருவில் அந்த ஒழுங்கு இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் கூப்பிட்ட நம் முன்னோரை மறுபடி ஒரு தரம் மன்னித்துக்கொள்கிறேன்.

சிரையைத் தமனியின் ஏழைத் தம்பி போல எழுதுவார்கள்: தமனியாகு என்ற கட்டளை கிடைக்காததெல்லாம் சிரை என்று. 2005இல் அதுவும் போயிற்று. சிரையாக இருக்கவும் ஒரு மரபணு விடாமல் வேலை செய்து தமனிக் கட்டளையை அடக்கி வைக்க வேண்டியிருக்கிறது. உடம்பின் ரத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு எந்த நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது என்பதை நினைத்தால், இது முன்பே தோன்றியிருக்க வேண்டும்.

ஜூன் 22
இன்னொரு மரபணுச் செய்தி, சுவாரசியத்துக்காக. ஃபாக்ஸ்-சி2 என்று ஒன்று. அதில் பழுது இருக்கிறவர்களுக்குக் கண்ணிமையில் இரண்டு வரிசை முடி முளைக்கும், கால் நிணநீரால் வீங்கும். 2007இல் அப்படிப்பட்ட 18 பேருக்குக் கால் ஸ்கேன் எடுத்தார்கள். 18 பேருக்கும் சஃபீனஸ் சிரையில் ரத்தம் பின்னோக்கி விழுந்துகொண்டிருந்தது. வால்வு செய்கிற மரபணு இமைமுடியையும் எண்ணுகிறது. கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். எனக்கு ஒரே வரிசைதான்.

ஜூன் 28
"அடைச்ச நரம்பு நாளைக்கு இதய பைபாஸுக்கு வேண்டாமா?" நல்ல கேள்வி, நானும் கேட்டேன். 1967இல் அறுவை மருத்துவர் ஃபவலோரோ அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் தொடங்கிய நாளிலிருந்து இந்தச் சஃபீனஸைத்தான் எடுத்து இதயத்தில் தைக்கிறார்கள், தலைகீழாகத் திருப்பி, வால்வு வழிமறிக்காமல் இருக்க. ஆனால் சுருண்டு உப்பியது அந்த வேலைக்கு உதவாது. தவிர, இன்னொரு கால் இருக்கிறது. மார்புக்குள்ளும் கையிலும் தமனிகள் இருக்கின்றன.

எது நல்லது, லேசரா, அறுத்துச் சிரையையே உரித்தெடுப்பதா, சிரையை அடைக்க நுரை மருந்தை ஊசியால் ஏற்றுவதா? பிரிட்டனில் 798 பேரை மூன்றாகப் பிரித்து ஐந்து வருஷம் கழித்துக் கேட்டார்கள். லேசரும் பழைய அறுவையும் நுரையைவிட நல்ல வாழ்க்கைத் தரம் தந்தன. புண் வரை போனவர்களுக்கு இன்னொரு சோதனை, 450 பேர், 2018. அழுத்தக் கட்டு மட்டும் போட்டுக் காத்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற 82 நாள் ஆனது. கட்டோடு சிரையையும் சீக்கிரமே அடைத்துவிட்டவர்களுக்கு 56 நாள். என் கணுக்கால் பழுப்பு புண்ணுக்கு ஒரு படி முன்னால் நின்ற கறை, அதனால் இந்த எண் எனக்கு மறக்காது.

ஜூலை 6
கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். ஸ்கேனில் ஆழத்து வழி திறந்திருக்கிறதாம். முட்டிக்குக் கீழே சுடப்போவதில்லை என்று மருத்துவர் சொன்னாராம். தேதி வரும்வரை அழுத்தக் காலுறை போடச் சொல்லியிருக்கிறார், அம்மாவுக்கு ஏற்றவே வரவில்லை, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் பாதியில் நிற்கிறது, கிழிந்துவிடும் போலிருக்கிறது என்கிறார்.

கால் தமனி சரியாக இருக்கிறதா என்று கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்தார்களா? பார்க்காவிட்டால் முதலில் அதைக் கேளுங்கள், தமனி அடைப்பு உள்ள காலில் இறுக்கமான காலுறை ஆபத்து. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ லேசர் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே ஓடுங்கள்.

மற்றபடி, மாலையில் போட முயன்றால் யாருக்கும் ஏறாது. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன்பு, கால் வீங்குவதற்கு முன்பே. குதிகால் வரை உள்ளே கைவிட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள், பாதத்தை நுழைத்த பிறகு மிச்சத்தை உருட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தடவி ஏற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து இழுக்காதீர்கள். பாத்திரம் கழுவுகிற ரப்பர் கையுறையைப் போட்டுக்கொண்டால் பிடி நழுவாது. மேலே சுருண்டு நின்றால் நீவிவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே தம்பி போட்ட கட்டு மாதிரி ஆகிவிடும்.